பால் மரத்திலிருந்து பந்தயத் தடம் வரை: ஒரு டயரின் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் பந்தயத் தடத்தில் ஓடும் மகிழுந்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். 2024ஆம் ஆண்டு பள்ளி விடுமுறை வரை எனக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. என் தம்பி மகன்தான் அதனை ஏற்படுத்தினான்.

அவனுக்கு வயது இருபத்து நான்கு. தொழிற்சாலையில் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறான். பழைய புரோட்டோன் சத்ரியா ஒன்றை வாங்கி, ஈராண்டுகளாக அதனைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். சிப்பாங் தடத்தில் 'டிராக் டே' எனப்படும் நாள்கள் உண்டு. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி, தங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. நம் பிள்ளைகள் சிலர் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் செய்யும் விபரீதத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்று எண்ணி நானும் அதற்கு ஆதரவாகவே பேசினேன்.

விடுமுறையில் அவன் பேராக்கில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு வந்தான். காரில் பளபளக்கும் 17 அங்குல 'ஸ்போர்ட் ரிம்'களும் அவற்றில் பந்தய வகை டயர்களும் பூட்டப்பட்டிருந்தன. ஒரு பட்டறையில் பழைய சரக்காகக் கிடைத்தவை அவை. ஆயிரத்து இருநூறு வெள்ளி கொடுத்திருந்தான். "அத்தை, பூவைப் பாருங்க, பாதிகூட தேயல" என்றான் பெருமையுடன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். வரலாறு புத்தகத்தில் மட்டும் இல்லை. கையில் ஒரு பொருளை எடுத்து, 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டால் அது பேசத் தொடங்கும் என்பார். அன்று அந்த டயரிடம் நான் கேட்ட கேள்வியே இக்கட்டுரையாக விரிந்திருக்கிறது.

நான்கு உள்ளங்கைகள்

முதலில் ஓர் அடிப்படை உண்மை. ஒரு கார் எவ்வளவு பெரியதாயினும், அது சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. இயந்திரத்தின் ஆற்றலும் பிரேக்கின் வலிமையும் ஓட்டுநரின் திறமையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே தரையைச் சேர வேண்டும். இதை மறந்தவர்கள் தோற்றார்கள் என்பதையே பந்தய வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது.

காற்றைக் கட்டிய கதை

1839இல் சார்ல்ஸ் குட்யியர் என்னும் அமெரிக்கர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருப்பதைக் கண்டறிந்தார். 1845இல் ராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கரடுமுரடான பாதையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று மீண்டும் அதே வழியைக் கண்டார். மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற மிதிவண்டி வீரர் அந்தச் சக்கரங்களுடன் பெல்பாஸ்ட் பந்தயத்தில் வென்றார். காற்றடைத்த டயரின் பெருமையை உலகிற்கு உரைத்தது ஒரு பந்தயமே.

காரில் அதனை முயன்றவர்கள் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள். 1895இல் பாரிசிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரைத் தாங்களே ஓட்டினர். வழியெல்லாம் டயர்கள் வெடித்தன. குறித்த நேரத்திற்குள் அவர்களால் வந்து சேர இயலவில்லை. முதலில் வந்த லெவசோரின் கார் கெட்டி ரப்பர்ப் பட்டையில் ஓடியது. பார்த்தவர்கள் நகைத்தனர். ஆனால், அடுத்த சில ஆண்டுகளில் பந்தயக் கார்கள் காற்றடைத்த டயருக்கே மாறின.

பால் மரம் வந்தது

இந்த டயர்களுக்கெல்லாம் ரப்பர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மிகச் சிலவே முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது அந்த மரத்தடியில் கட்டாயம் நிறுத்துவேன். 1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார்.

அதன் பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கார்கள் பெருகப் பெருக, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியே நம் முன்னோர் கப்பலேறினர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, இருட்டில் தலைவிளக்கு கட்டி மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தார்கள். என் தாயாரும் முப்பது ஆண்டுகள் அதைச் செய்தவர். "பாலு எங்கம்மா போவுது?" என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "ஸ்டோருக்கு" என்பார். அதற்கப்பால் எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பந்தயங்கள் கற்பித்தவை

1906ஆம் ஆண்டு சூன் 26, 27 ஆகிய நாள்களில் பிரான்சின் லெ மான் நகருக்கருகே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடைபெற்றது. இரண்டு நாள்களில் ஏறத்தாழ 1,238 கிலோமீட்டர். கடும் வெயிலில் தார் உருகிய சாலை டயர்களைத் தின்றது. ஒவ்வொரு காரிலும் ஓட்டுநரும் அவருடைய உதவியாளருமே டயரை மாற்ற வேண்டும். தேய்ந்த டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டக் கால் மணி நேரம் பிடித்தது. ஆனால், ரெனோ காரை ஓட்டிய ஹங்கேரியரான பெரென்ஸ் சிஸ், டயருடன் சேர்த்தே கழற்றக்கூடிய மிஷலின் விளிம்புகளைப் பயன்படுத்தினார். நான்கு நிமிடங்களுக்குள் வேலை முடிந்தது. அரை மணி நேரத்திற்கும் மேலான வேறுபாட்டில் அவர் வென்றார். எல்லாரும் அதனைப் பயன்படுத்த முடியவில்லை; ஏனெனில் அந்த விளிம்புகள் கூடுதல் எடை கொண்டவை, காரின் எடைக்கோ 1,000 கிலோ என்னும் வரம்பு இருந்தது. சக்கரத்தின் எடை ஒரு கணக்குப் பாடம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு உறவினர்கள் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்பார்கள். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றை உருவாக்கினர். அவர்களுடைய பட்டறை ஸ்டெப்னி வீதியில் இருந்தது. இங்கிலாந்து மறந்துவிட்ட அந்த வீதியின் பெயரைத் தமிழ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது!

1924ஆம் ஆண்டு லியோன் கிராண்ட் பிரீ பந்தயம் என் தம்பி மகனுக்காகவே நடந்ததோ என்று எனக்குத் தோன்றும். எத்தோரே புகாட்டி 'டைப் 35' என்னும் புதிய காரை அங்கே அறிமுகப்படுத்தினார். அதுவரை மரத்தாலும் கம்பிகளாலும் ஆன சக்கரங்களே வழக்கம். புகாட்டியோ அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களைப் பூட்டியிருந்தார். இன்று நாம் ஸ்போர்ட் ரிம் என்று அழைப்பதற்கு அவை முன்னோடி எனலாம். பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால், பந்தயத்தில் டயர்களின் மேற்பரப்பு பிய்ந்து பிய்ந்து பறந்தது. ரப்பர் சரியாகப் பதப்படுத்தப்படாததே காரணம். உலகின் அழகிய சக்கரம், பழுதான டயரால் தோற்றது. டயர்க் குறை நீங்கியபின் அதே வகைக் கார்கள் 1925 முதல் 1929 வரை இத்தாலியின் தார்கா புளோரியோ பந்தயத்தில் தொடர்ந்து ஐந்து முறை வென்றன.

போரும் செயற்கை ரப்பரும்

1941 டிசம்பரில் சப்பானியப் படைகள் கோத்தாபாருவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவிற்குச் சென்ற இயற்கை ரப்பரில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு ஒரே அடியில் நின்றது. இங்கே தோட்டங்கள் வேலையின்றிக் கிடந்தன. நம்மவர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அங்கே அமெரிக்காவில், ஸ்டைரின், பியூட்டாடையீன் என்னும் இரண்டு வேதிப்பொருள்களிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகள் அவசர அவசரமாக எழுந்தன.

பால் மரத்திற்கு மாற்றாக வந்த அந்த வகை ரப்பர்தான், பின்னாளில் பந்தய டயரின் மேற்பரப்பை ஆளத் தொடங்கியது. ஏன்? வகுப்பறையில் இரண்டு பந்துகளைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒன்று நன்றாகத் துள்ளும். மற்றொன்று விழுந்த இடத்திலேயே அடங்கும். நன்றாகத் துள்ளும் இயற்கை ரப்பர் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் அதிகம் சூடேறாது. பாரவண்டிக்கும் விமானத்திற்கும் அதுவே ஏற்றது. துள்ளாத ரப்பரோ ஆற்றலை உள்வாங்கி வெப்பமாக்கிக்கொண்டு, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ஒட்டிக்கொள்கிறது. பந்தயத்திற்கு வேண்டியது அந்தப் பிடிப்பே. அதற்கு விலை, விரைந்த தேய்மானம்.

"அப்படின்னா பாட்டி வெட்டுன பாலு இந்த டயர்ல இல்லையா அத்தை?" என்று தம்பி மகன் கேட்டான். நாம் விரும்பும் விடையைச் சொல்வதற்காக வரலாற்றை வளைக்கக் கூடாது. சாலையைத் தொடும் பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான் என்றேன். ஆனால், உள்ளே இருந்து டயரின் உருவத்தைத் தாங்கும் அடுக்குகளில் இயற்கை ரப்பருக்கு இன்றும் இடமுண்டு. வெளியே தெரியாமல் தாங்கும் பணி அதற்கு.

மொட்டை டயரும் மழையும்

சாலையில் மொட்டை டயருடன் ஓடினால் போலீஸ் சம்மன் கொடுக்கும். பந்தயத் தடத்திலோ மொட்டை டயருக்கே முதல் மரியாதை. டயரின் பூ, அதாவது அந்த வரிப்பள்ளங்கள், பிடிப்பிற்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைநீரை வெளியேற்றுவதற்காக வெட்டப்பட்டவை. உலர்ந்த தடத்தில் பள்ளம் இல்லாத டயரின் முழுப்பரப்பும் தரையைத் தொடும். 1971 முதல் பார்முலா 1 கார்கள் இத்தகைய வழுவழுப்பான டயர்களுக்கு மாறின. வேகத்தைக் குறைக்க 1998 முதல் 2008 வரை வரி வெட்டிய டயர்கள் கட்டாயமாக்கப்பட்டன. 2009இல் மொட்டை டயர் மீண்டும் வந்தது.

அதே 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நம் சிப்பாங்கில் மறக்க முடியாத பாடம் ஒன்று நடந்தது. மாலை 5 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. நம் நாட்டு மாலை மழை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். வானம் கறுத்தது. பெராரி அணி மழை வருமுன்பே கிமி ரைக்கோனனுக்குக் கனமழை டயரைப் பூட்டியது. தடமோ உலர்ந்திருந்தது. குளிர்விக்க நீரின்றி அந்த மென்மையான டயர்கள் சில சுற்றுகளிலேயே உருக்குலைந்தன. இலேசான மழை பெய்தபோது இடைநிலை டயரைத் தேர்ந்தெடுத்த திமோ குளோக் பலரை முந்தினார். பின்னர்ப் பேய்மழை கொட்டி, 56 சுற்றுப் பந்தயம் பாதி வழியில் நிறுத்தப்பட்டது. 31 சுற்றுகளின் நிலையே முடிவாகக் கொள்ளப்பட்டு, ஜென்சன் பட்டன் வெற்றியாளரானார். புள்ளிகளில் பாதியே வழங்கப்பட்டன. சிறந்த டயர் என்று தனியாக ஒன்றும் இல்லை. அந்தத் தடத்திற்கும் அந்த வேளைக்கும் ஏற்ற டயரே சிறந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2005 சூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் நடந்தது இன்னும் கடுமையான பாடம். அங்கே 13ஆம் வளைவு ஒரு பக்கம் உயர்ந்து சாய்ந்தது. அச்சாய்வில் விரைந்து செல்லும்போது டயர்மீது விழும் சுமையை மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ரால்ப் சூமாக்கரின் கார் மோதியது. பந்தய நாளன்று மிஷலின் டயர் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. ஆறே கார்கள் ஓடின. பார்க்க வந்தவர்கள் கூச்சலிட்டனர். ஆனால், ஓர் உயிரும் போகவில்லை. ஓடாமல் நிற்பதும் சில வேளைகளில் அறிவுடைமையே.

டயரில் எழுதப்பட்ட பிறந்த நாள்

இவற்றையெல்லாம் நான் ஒரே மூச்சில் அவனுக்குச் சொல்லவில்லை. வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் முதலில் ஆண்டைத் தேடினேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அவன் வாங்கியிருந்த டயர்களில் '2315' என்றிருந்தது. அதாவது, 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒன்பது ஆண்டுகள் வயதான ரப்பர்! பூ தேயாமல் இருந்தது உண்மைதான். ஆனால், ரப்பர் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, கிடந்தாலும் இறுகும்.

என் தாயார் மெல்ல எழுந்து வந்து, குனிந்து, டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். மடிப்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புகளைத் தடவினார். "இதுல உசுரு இல்லப்பா. பழைய ஒட்டுப்பால் மாதிரி காஞ்சு கெடக்கு" என்றார். பந்தயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ரப்பர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

ரிம்களைக் கழற்றிப் பார்த்தபோது ஒன்றின் உட்புறத்தில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. அவை பெயர்பெற்ற சக்கரத்தின் போலி வார்ப்பு. சிப்பாங்கின் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கும்போது அது உடைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ண இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது. பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஆயிரத்து இருநூறு வெள்ளியும் போனது. அந்த மாதத்து டிராக் டேக்கு அவன் செல்லவில்லை. இரண்டு நாள்கள் யாரிடமும் பேசவில்லை.

இரண்டு மாதம் சேமித்த பின்னர் அவன் தேர்ந்தெடுத்த முறையைப் பிள்ளைகளின் நலன் கருதி இங்கே குறிக்கிறேன்.

முதலில் டயர், பின்னர் ரிம். காரின் தொழிற்சாலை அளவை ஒட்டி 15 அங்குலத்தையே எடுத்தான். பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது. சக்கரத்தின் எடையைச் சுருள்வில் தாங்குவதில்லை. அதனால் சக்கரம் கனத்தால் மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டுத் துள்ளும். 15 அங்குல டயருக்கு விலையும் குறைவு. ரிம்மின் திருகுத் துளைகளும் நடுத்துளையும் அது உள்ளே வெளியே நிற்கும் அளவும் காருக்குப் பொருந்துகின்றனவா, அது தாங்கும் எடை போதுமா என்று பார்த்து, உண்மையான தயாரிப்பையே வாங்கினான்.

டயரில் தேய்மான எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க முறைப்படி 100 என்பது ஒப்பீட்டு டயர். 400, 500 என்றிருந்தால் நாள்தோறும் ஓட நெடுநாள் உழைக்கும். 200 அளவில் இருந்தால் விரைவில் தேயும், ஆனால் தடத்தில் நன்கு பற்றும், சாலையிலும் ஓட்டலாம். தொடக்கநிலை ஓட்டுநருக்கு அதற்குமேல் மென்மையான டயர் தேவையில்லை என்று அனுபவமுள்ளவர்கள் கூறினர். பிடிப்பின் எல்லை நெருங்குவதை இத்தகைய டயர் முன்கூட்டியே உணர்த்தும். மிக மென்மையானது தாங்கும்வரை தாங்கித் திடீரென்று கைவிடும். எனவே, 200 எண் கொண்ட புதிய டயர்களையே வாங்கினான். அவற்றின் நான்கு இலக்கங்களை அவனே முதலில் படித்துப் பார்த்தான்.

சிப்பாங்கிற்கு நானும் சென்றிருந்தேன். ஐந்தாறு சுற்றுகளுக்குப் பின் உள்ளே வந்தவன், வேறெதையும் பார்க்காமல் காற்றழுத்தமானியை எடுத்தான். ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. உயர்ந்துவிடும், அதனைச் சரியான அளவுக்குக் குறைத்துக் குறித்துக்கொண்டான். மதியத்திற்குப் பின் வானம் இருண்டது. அவனுக்கு இன்னும் ஒரு சுற்று நேரம் மீதமிருந்தது. கட்டணமும் செலுத்தியாகிவிட்டது. அவன் வானத்தைப் பார்த்தான், ஆழமற்ற பூவைக் கொண்ட தன் டயர்களைப் பார்த்தான், தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான். "போதும் அத்தை, வீட்டுக்குப் போவோம்" என்றான். அன்றைய நாளில் அவன் ஓட்டிய எந்தச் சுற்றையும்விட அந்தச் சொல்லே எனக்கு நிறைவளித்தது.

அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆர்வத்தை 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லால் அணைத்துவிடாதீர்கள். அவர்கள் கையிலிருக்கும் பொருளின் வரலாற்றை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். ஆசிரிய நண்பர்களே, பால் மரத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது மரத்தோடு நின்றுவிடாமல், பள்ளியின் கார் நிறுத்துமிடம்வரை மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள். நான் அவ்வாறு செய்த நாளன்று, எங்கள் பள்ளி ஆசிரியர்களின் கார்களில் இரண்டிற்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று என்னுடையது!